மூடி போட்டு எடுத்த படங்கள்

என் கணினியில் முழுக் கறுப்பான படங்கள் கொஞ்சம் கிடக்கின்றன. கமராவின் மூடியைக் கழற்றாமல் எடுத்தவை. "இதுகளை ஏனப்பா இன்னும் வைச்சிருக்கிறியள்?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

போர் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குப் பேராதனையில் வேலை. அலவத்துகொடையில் கல்யாணப் படங்கள் எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருந்த, நான் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் நண்பருக்கும் எனக்கும் ஒரே பைத்தியம், வானத்தைப் படம் பிடிப்பது. எங்கள் முதல் நல்ல படத்துக்கென்று, கடைச் சுவரில் மணமக்களுக்கு நடுவே ஒரு வெறும் சட்டத்தையும் மாட்டிவைத்திருந்தார். எடுப்பது பெரிதில்லை, பிறகு அதைக் கணினியில் திருத்துவதுதான் உயிரை வாங்கியது. பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மங்கிய ஒளியை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். நாங்கள் கூட்டினால் வானம் சேறாகிவிடும். அப்படியும் ஒருமுறை ஓரியன் நெபுலா என்னும் ஒளிமேகம் ஓரளவு தெளிந்து வந்தது. மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பார்த்தால் வழவழவென்று இருந்தது.

"மூஞ்சி நெறைய பரு ஈந்திச்சி சேர். எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"ஐயோ நானா, அது பரு இல்லை, நட்சத்திரம்!"

மணப்பெண்களைத் திருத்திப் பழகிய கை வேறென்ன செய்யும்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய பிரதியும் இல்லை.

மாதக்கணக்கில் தலையை உடைத்த பிறகுதான் ஒன்று விளங்கியது. எந்தக் கமராவும் தன் பங்குக்குச் சில பொய்ப் புள்ளிகளைப் படத்தில் இடும். மூடியைப் போட்டுச் சில படங்கள் எடுத்தால் அந்தப் புள்ளிகள் மட்டும் பதியும்; அவற்றை வானப் படங்களிலிருந்து கழித்துவிடலாம். ஹேவாஹெட்டத் தோட்டத்து மலையில் ஓர் இரவு எல்லாவற்றையும் முறைப்படி எடுத்தோம். இந்த முறை சட்டம் நிறையும் என்று நானா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

காலையில் திரும்பும்போது இராணுவச் சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள். வானப் படங்களின் ஓரத்தில் படம் எடுக்கத் தடையுள்ள மலை உச்சித் தொலைத்தொடர்புக் கோபுரமொன்று பதிந்திருந்தது. எங்கள் விளக்கம் எதுவும் எடுபடவில்லை. சிப்பாய் ஒவ்வொன்றாக அழித்தான். கறுப்புப் படங்கள் வந்ததும் உதட்டைப் பிதுக்கி, "மேக்கே முகுத் நே," இதில் ஒன்றுமில்லை, என்று நானாவின் கமராவைத் திருப்பித் தந்தான். கழிப்பதற்கு வேண்டியது இருந்தது, எதிலிருந்து கழிப்பது? அடுத்த நாளே நானா அதே மெமரி கார்டில் ஒரு கல்யாணத்தை எடுத்துவிட்டதால், அழிந்ததை மீட்கவும் வழியில்லாமல் போயிற்று.

நானா மௌத்தாகி, அடக்கம் செய்து வருடங்களாகிவிட்டன. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது போன் கடை. போன மாதம் புதுக் கமராவோடு அதே மலைக்குப் போய் வந்தேன், யாரும் மறிக்கவில்லை. வந்து நானாவின் கறுப்புப் படங்களைக் கழித்துப் பார்த்தேன். படம் நாசமானதுதான் மிச்சம். ஒரு கமராவின் குறை இன்னொரு கமராவுக்குப் பொருந்தாது. இது தெரிந்தும் செய்தேன்.

ஆத்திரத்தில் அந்தக் கறுப்புப் படமொன்றைத் திறந்து ஒளியை முழுவதும் கூட்டினேன். நானாவின் கமராப் புள்ளிகள் வானம் போலவே மினுங்கின. இவை நட்சத்திரம் இல்லை, பருதான். ஒன்றைக்கூட எடுக்க எனக்கு மனம் வரவில்லை.