மறுபடியும் ஒரு கட்டி

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒல்லியான ஆள்; எந்த இடுக்கிலும் நுழைந்துவிடுவான் என்பதால் கூட வேலை செய்பவர்களுக்கு அவன் ‘பல்லி’. இரண்டு வருடங்களுக்கு முன், புற்றுநோய் என்று அடிவயிற்றைக் கீறி அவனுடைய வலது விரையை எடுத்துவிட்டார்கள். அபூர்வமான வகை, ரத்தப் பரிசோதனையில் கூடச் சிக்காது என்றார் டாக்டர்.

“லாட்டரில விழாத அதிர்ஷ்டம் இதுல விழுந்திருக்கு” என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

போன வருடம் குளிக்கும்போது, அடிவயிற்றுத் தழும்புக்குக் கீழே பட்டாணி அளவில் ஏதோ விரலில் தட்டுப்பட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. லிஃப்டின் கூரைமேல் குந்தி கம்பிக்கயிற்றுக்கு எண்ணெய் போடும்போதும் நினைப்பெல்லாம் அங்கேதான். தொடத் தொட அது பெரிதாவது போலிருந்தது.

ஒருநாள் மகள் மடியில் தாவி ஏறியபோது, வெடுக்கென்று அவளை இறக்கிவிட்டான். மனைவி கவனித்துவிட்டாள்.

“வலிக்குதா?”

“அதெல்லாம் இல்ல.”

“என்கிட்ட மறைச்சா கரைஞ்சு போயிருமா?”

“திரும்ப வந்துருச்சோன்னு தோணுது. வாய்விட்டுச் சொன்னா நெசமாயிருமோன்னு பயமா இருந்துச்சு.”

மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேனில் ஒரு சின்ன நிழல் தெரிந்தது.

“பழைய நோயா இருந்தாலும் இப்படித்தான் தெரியும், வெறும் வீக்கமா இருந்தாலும் இப்படித்தான் தெரியும். எடுத்துப் பாத்தாதான் சொல்ல முடியும்” என்றார் டாக்டர்.

எடுத்தார்கள். முடிவு வரும்வரை வீட்டில் சோறு இறங்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்த மச்சான், “ஒண்ணும் இருக்காது மாப்ளே” என்றதும், “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று எரிந்து விழுந்தான். பாவம், அவர் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

“கேன்சர் இல்ல” என்றார் டாக்டர், முடிவைப் படித்துவிட்டு. “அன்னைக்கு ஆபரேஷன்ல உள்ளே முடிச்சுப் போட்ட தையல் நூலை உங்க உடம்பு ஏத்துக்கல. அதைச் சுத்தி சதை திரண்டிருக்கு.”

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவனுக்கு அழுகை வரவில்லை.

“அடுத்த தடவை வந்தா, எது நல்லது எது கெட்டதுன்னு எப்படி சார் தெரிஞ்சுக்கறது?”

“உங்களால முடியாது. உடனே வந்து காட்டணும், அவ்வளவுதான்.”

ஸ்கேன்கள் தொடர்கின்றன. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தைய வாரம் கணவனும் மனைவியும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம் தெரியாத மகள்தான் தொட்டதற்கெல்லாம் திட்டு வாங்குகிறாள்.