மாடிப்படியில் ஒரு பூட்டு

அவளுக்கு வயது நாற்பத்தேழு. சிவில் கோர்ட்டில் வாதாடத் தொடங்கி இருபத்திரண்டு வருடம். இத்தனை வருடத்தில் எதிர்த்தரப்பு கேட்ட வாய்தாவை ஒருமுறைகூட எதிர்த்ததில்லை. வக்கீல்களுக்குள் எழுதாத சட்டம் அது. இன்று நீ கேட்டால் நான் விட்டுக்கொடுப்பேன், நாளை நான் கேட்டால் நீ. குறுக்கு விசாரணையில் சாட்சிகளை வறுத்தெடுத்து ‘மிளகாய்’ என்று பெயர் வாங்கியவள்கூட இதற்கு அடங்கித்தான் இருந்தாள்.

மாடிப்படி வழக்கில் அந்த மரியாதைக்கு விலை கொடுத்தது அவளுடைய கட்சிக்காரரான ஒரு விதவை. மாடியில் அவரும், தையல் வேலை செய்யும் மகளும். கீழே கொழுந்தன். படிக்கட்டு தன் பங்கில் வருகிறது என்று அதன் கதவைப் பூட்டிவிட்டார். மகள் பின்பக்கத்து இரும்பு ஏணியில் ஏறி இறங்குகிறாள். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. கண் ஆபரேஷனுக்குக் குறித்த நாள் வந்தது, போனது. தீர்ப்பு வரும்வரையாவது பூட்டைத் திறந்துவைக்கக் கேட்ட மனுவுக்கு ‘அவசர மனு’ என்று பெயர். அது வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

நடுவில் சமரச மையத்துக்கும் அனுப்பினார்கள். வட்ட மேசை, தண்ணீர் பாட்டில், சுவரில் சிரிக்கும் குடும்பத்தின் படம். “கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போம்மா” என்று சமரசம் பேசியவர் மகளிடம்தான் சொன்னார்; பூட்டியவரிடம் சொல்லவில்லை. மிளகாய்க்குச் சுர்ரென்று ஏறியது. சமரசத்துக்கு அவள் விரோதி அல்ல. எத்தனையோ பாகப்பிரிவினைகளை மேசையிலேயே முடித்துவைத்தவள். ஆனால் ஒருத்தர் கையில் சாவியும் இன்னொருத்தர் பூட்டுக்கு உள்ளேயும் இருந்தால் அதற்குப் பேர் பேச்சுவார்த்தையா? சாவிக்காரன் சாகும்வரை பேசுவான். அவனுக்கென்ன நஷ்டம்?

ஞாயிற்றுக்கிழமை அவளே அந்த ஏணியில் ஏறினாள். பாதியில் செருப்பைக் கழற்றிக் கீழே போட்டாள். மேலே விதவை, பூட்டிய படிக்கட்டைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். புலம்பவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“வக்கீலம்மா, அவங்க நாள் கேக்குறப்ப எல்லாம் நீங்க என்ன சொல்லுவீங்க?”

‘ஆட்சேபணை இல்லை’ என்றுதான் சொல்லிவந்தாள். அந்த நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு ஏணியில் இறங்கினாள்.

மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தான். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். வாதாட வேண்டிய சீனியர் வக்கீலுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்றான். நீதிபதி அடுத்த தேதியைப் போடக் குனிந்தார்.

“ஆட்சேபணை இருக்குங்க ஐயா.”

கோர்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கல்யாண வீட்டில் யாரோ தட்டை எறிந்ததுபோல வக்கீல்கள் முகம் சுளித்தார்கள்.

“அவர் தொண்டை நாலு நாள்ல சரியாயிடும். என் கட்சிக்காரங்க கண்ணு ஆகாதுங்க.”

மறுபடி சமரசத்துக்குப் போகலாமே என்றார் நீதிபதி.

“பூட்டைத் திறந்துட்டுப் பேசட்டும் ஐயா. வருஷம் பூரா பேசுறோம்.”

படியே எங்களுடையது என்றான் வகுப்புத் தோழன். அப்படியானால் நேரில் பார்த்துவிடலாம், அந்த அம்மாவிடமும் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்றார் நீதிபதி. சொன்னவர் சற்று நிறுத்தினார். பருத்த உடம்பு.

“மாடிக்கு நான் எப்படி வர்றது?”

“இப்போதைக்கு ஏணிதாங்க ஐயா.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

வெளியே வராந்தாவில் தோழன் அவளை மறித்தான். “என்ன மிளகாய், என்கிட்டயே காரமா? நாளைக்கு உனக்குக் காய்ச்சல்னா வாய்தா கேட்டு வராதே.”

“காய்ச்சலோட வந்து வாதாடுறேன். தள்ளி நின்னு கேளு, ஒட்டிக்கப்போகுது.”

அன்று மதியம் கேன்டீனில் அவள் மேசைக்கு யாரும் வரவில்லை. டீயைத் தனியாகக் குடித்துவிட்டு அடுத்த வழக்குக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நீதிபதி அந்த வீட்டுக்கு வருகிறார். சாவியோடு படிக்கட்டருகே நிற்கும்படி கொழுந்தனுக்கு உத்தரவு போயிருக்கிறது.