வகுக்க மறந்த பத்து

தூசு மண்டிய ஒரு தொலைதூர விண்மீன் திரளில் அசுர வேகத்தில் நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்று நானும் நண்பன் கார்த்தியும் ஓர் ஆய்விதழில் கட்டுரை எழுதியிருந்தோம். அதை நம்பித்தான் இருவருமே ஒரே ஆய்வு நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தோம்.

நேர்முகத் தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது லேப்டாப்பில் கணக்கைப் புரட்டினேன். ஒரு வரியில் தப்பு தெரிந்தது. அந்தத் திரளின் ஒளி நம்மை நோக்கி வரும் வழியில் இருக்கும் வேறொரு திரளின் ஈர்ப்பு, லென்ஸ் மாதிரி அந்த ஒளியைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. கடைசிக் கணக்கில் அந்தப் பத்தால் வகுக்க நான் மறந்திருந்தேன். வகுத்தால் அந்த அசுர வேகமே இல்லை.

கார்த்திக்கு போன் போட்டேன்.

"மச்சான், இன்டர்வியூ முடியட்டும்டா. யாரும் கவனிக்கல."

"நான் கவனிச்சுட்டேனேடா."

அவன் சம்மதத்துக்குக் காத்திராமல் அன்றே ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பினேன். தேர்வுக் குழுவிடமும் அதைத்தான் முதலில் சொன்னேன். இருவருக்குமே வேலை கிடைக்கவில்லை. கார்த்தி என்னோடு பேசுவதை நிறுத்தினான்.

இரண்டு மாதம் கழித்து பம்மலில் இருக்கும் தன் வீட்டிலிருந்து அவனே என்னைத் தேடி வந்தான். "லென்ஸ் இல்லேன்னா இவ்ளோ சாதாரணமான திரள் நம்ம கண்ணுலயே பட்டிருக்காதுடா. அதையே எழுதலாம்."

இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகச் சரிபார்க்கிறோம். திருத்தம் அனுப்பியதற்கு நான் வருந்தவில்லை. மறுபடி நேர்ந்தாலும் அனுப்புவேன். ஆனால் அவனுக்கு யோசிக்க ஒரு நாள்கூடக் கொடுக்காததை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.