மேட்டில் கேட்காத தட்டல்

டெல்லியில் முனிர்காவுக்குப் பின்னால் ஒரு சர்தார்ஜியின் ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருஷம் இருந்தேன். என் வேலை கரண்டும் டைமிங்கும். பிளக்கில் பொறி வருகிறதா, வரவேண்டிய நேரத்தில் வருகிறதா, அவ்வளவுதான். படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. இந்த வேலைக்குப் படிப்பு வேண்டாம், காது வேண்டும்.

பழைய வண்டிக்கு டைமிங் வைக்க முதலில் ஒரு சின்ன பல்பைக் கட்டிப் பார்ப்போம். பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் திறக்கிற நேரத்தில் பல்பு எரியும். அது கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிற இடம். புத்தகம் எழுதினவன் ஊர் பெட்ரோல் வேறு, டெல்லி மே மாசத்து வெயில் வேறு. அதனால் ரிட்ஜ் காட்டுப் பக்கம் மேட்டில் ஏற்றிப் பார்க்கணும். டாப் கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், பொறி முந்தி வருகிற இன்ஜின் உள்ளே தட்டும். மெல்லிய சத்தம்தான். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை பின்னுக்குத் திருப்பணும். தட்டல் எங்கே நிற்கிறதோ அதுதான் இடம். அதற்கும் பின்னால் போனால் வண்டி இழுக்காது. முன்னால் விட்டால் பிஸ்டன் ஓட்டையாகும்.

சர்தார்ஜி வந்தவர் போனவரிடமெல்லாம் என் காதைப் பற்றித்தான் பேசுவார். மற்ற ஆட்கள் என்னை மதராசிக் காது என்றே கூப்பிட்டார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

லோதி ரோடு தாண்டி ஒரு வக்கீல். அவர் அப்பா காலத்துக் கறுப்பு வண்டி ஒன்று எங்களிடம் வரும். ஓட்டினவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயசு சின்னவர். பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு வக்கீல் வீட்டு கராஜுக்கு மேலே ஒரு அறையில் குடியிருந்தார்.

அந்த மே மாசம் மூன்று தரம் வந்தார். வண்டி தட்டுது என்றார். மூன்று தரமும் மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாயின்ட் தேய்ந்திருக்கிறதா, பிளக் கறுத்திருக்கிறதா, எல்லாம் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கடைசித் தரம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"அண்ணாச்சி, இந்தா தட்டுதுல்லா. நெசமாவே கேக்கலியா?"

"தம்பி, நான் உன் வயசுல இருந்து டைமிங் வைக்கிறேன்" என்றேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

பதினைந்து நாளில் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜின் ஹெட்டைக் கழற்றினோம். இரண்டாவது பிஸ்டன் தலையில் விரல் நுழைகிற ஓட்டை. சர்தார்ஜி டாங்கை முகர்ந்து பார்த்துவிட்டு, டைமிங்கில் தப்பிருக்காது, பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கும் என்றார். பெட்ரோல் போடுவது யார் என்று வக்கீல் கேட்டார். டிரைவர்தான். பெட்ரோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறான் என்று வக்கீல் முடிவு பண்ணிவிட்டார். சாவியை வாங்கிக்கொண்டார். வண்டி ரெடியாகிற அன்றைக்கு அறையும் காலியாகணும், புது டிரைவருக்கு அது வேணும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் டிரைவர் என்னைத் தேடி வந்தார். திருட்டுப் பட்டம் வாங்கினவனுக்கு டெல்லியில் எவன் சாவி கொடுப்பான் என்று கேட்டார். நான் மூணு தரம் வந்தேன் என்று மட்டும் வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். பெட்ரோல் சரியில்லை தம்பி, நான் என்ன சொல்ல, என்றேன். போய்விட்டார்.

அன்றிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுப்பேன், வைப்பேன். செட் பண்ணின பாயின்ட்டைத் திரும்ப அளப்பேன். ஒரு நாள் காலையில் கைக்கடிகாரம் நின்றுபோச்சென்று சாவி கொடுத்தேன். முறுக்க இடமில்லை. காதில் வைத்தேன். சத்தமில்லை. அடுத்த காதில் வைத்தேன். எங்கேயோ தூரத்தில் ஓடுகிற மாதிரி இருந்தது. முள் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

என் பெண்டாட்டியிடம் கொடுத்தேன். அவள் மோதி பாகில் இரண்டு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். காதில்கூட வைக்கவில்லை. கையில் வாங்கினதுமே ஓடுது என்றாள்.

வண்டிக்குப் புது பிஸ்டன் வந்தது. பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு சர்தார்ஜி தானே பங்க்குக்குப் போய் புதுசு வாங்கி ஊற்றினார். நான் எப்போதும் வைக்கிற மாதிரி, எனக்குச் சத்தம் நிற்கிற இடத்தில் டைமிங் வைத்தேன். மதியம் டெஸ்டுக்கு என்று வண்டியை எடுத்தேன். நேராக மோதி பாக் போய் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டேன். கஸ்டமர் வண்டியில் வீட்டு ஆளை ஏற்றக்கூடாது. தெரிந்துதான் செய்தேன்.

பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள். ஏன் பின்னாடி என்றேன். இந்த மாதிரி வண்டியில் முன்னாடி உட்கார்ந்தால் வேலைக்காரி என்று தெரிந்துவிடும் என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேட்டில் ஏற்றி மிதித்தேன்.

"முறத்துல உளுந்து பொடைக்கிற மாதிரி ஒண்ணு கேக்குது. அதுவா?"

அதுதான். நல்ல பெட்ரோல், நான் வைத்த டைமிங், தட்டுகிறது.

இறங்கி டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பினேன். திரும்ப ஏற்றினேன். இன்னும் இருக்கு என்றாள். இப்படி நாலு தரம். வெயிலில் பானட் கையைச் சுட்டது. ஐந்தாவது தரம் இல்லை என்றாள்.

"நல்லாக் கேட்டியா?"

"இல்லைங்கிறேன். பால்காரன் மணி அடிச்சா நான்தானே எழுந்து போறேன், ஒரு வருஷமா. நீங்க எங்க எழுந்தீங்க?"

"ஏன் சொல்லல?"

"சொன்னா தாங்குவீங்களா?"

திரும்பி வருகிற வழியில் அவளிடம் டிரைவர் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த டிரைவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவாள் என்று மட்டும் கேட்டாள். நான் அவளை முனிர்கா முனையில் இறக்கிவிட்டேன்.

சர்தார்ஜியிடம் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். தப்பு பெட்ரோலில் இல்லை, என் காதில். அவர் முதலில் விளையாடுகிறேன் என்று நினைத்தார். கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, என் முதுகுக்குப் பின்னால் வையுங்கள் என்றேன். வைத்தார், எடுத்தார், வைத்தார். எப்போது வைத்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெளியே எவனிடமும் சொல்லாதே, கடை போய்விடும் என்றார்.

வக்கீலிடம் சொல்லணும் என்றேன். சொன்னால் இனி டைமிங் வேலை உனக்கு இல்லை என்றார். சரி என்றேன்.

சாயங்காலம் வண்டியை நானே கொண்டுபோய் விட்டேன். டிரைவர் அறை வாசலில் இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு சுருட்டின பாயும் இருந்தன. வக்கீல் கோர்ட்டிலிருந்து வரும்வரை கேட் ஓரம் நின்றேன். வந்ததும் சொன்னேன். அவர் நிறையக் கேட்டார். எத்தனை தரம் வந்தான், நீ ஏன் மறுத்தாய், பிஸ்டனுக்கு யார் பொறுப்பு. கோர்ட்டில் கேட்கிற மாதிரியே கேட்டார். நான் நின்றபடி பதில் சொன்னேன். கடைசியில் சாவியை என் கையில் கொடுத்து, மேலே போய் அவனிடம் கொடு என்றார்.

ஏறிப் போனேன். டிரைவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கே சொன்னேம்லா" என்றார்.

"ஆமா தம்பி."

அவர் பெண்டாட்டி பாயை எடுத்து உள்ளே வைத்தாள்.

மறுநாளிலிருந்து டைமிங் ஒரு பஞ்சாபிப் பையன் கைக்குப் போனது. எனக்கு பாயின்ட் தேய்ப்பது, பிளக் கழுவுவது. காது என்று கூப்பிடுவதும் நின்றது. ஏதாவது வண்டி டெஸ்டுக்குப் போனால் என் கை தானாக நின்றுவிடும். அது திரும்பி வருகிறவரை வேலை ஓடாது.

ஒரு மாசம் கழித்து அந்தக் கறுப்பு வண்டி பிரேக் வேலைக்கு வந்தது. வேலை முடிந்ததும் டிரைவர் ஏறுங்கள் அண்ணாச்சி என்றார். நான் டெஸ்ட் பார்க்கக்கூடாது என்றேன். நீங்கள் சும்மா உட்காருங்கள், நான் பார்க்கிறேன் என்றார். ரிட்ஜ் பக்கம் போனோம். மேட்டில் டாப் கியரில் போட்டு மிதித்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"தட்டல, அண்ணாச்சி."

"இன்னொரு தரம் ஏத்து" என்றேன்.

வண்டியைத் திருப்பினார்.