சட்டைப் பையில் மூன்று ஃபியூஸ் கட்டைகள்

குர்லா பட்டறையில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மிஷினுக்குள் கைவைக்கிறவன், சுவர்ப் பெட்டியிலிருந்து மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அவனே திரும்பச் சொருகும்வரை கரண்ட் வராது. அதை நம்பித்தான் உள்ளே கை போகும்.

அன்று மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர் என் அக்கா புருஷன். இன்ஜினீயர் மாட்டுங்காக்காரர், புதிதாக வந்தவர். மிஷின் நிற்கிறதே என்ற அவசரத்தில், ஆள் இருப்பதைப் பார்க்காமல் ஸ்டோரிலிருந்து வேறு கட்டைகளை எடுத்துவந்து சொருகினார்.

வெடித்தது. அத்தான் முகம் கருகிச் சரிந்தார். சதை வெந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. “ஏலே, அவன விடாதீங்கல!” என்று யாரோ கத்தினார்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவன் நான். ஸ்பேனரால் இன்ஜினீயரை முதலில் அடித்தது நான்தான். தடுக்க நீட்டிய இடது கையில் இரண்டு விரல் ஒடிந்த சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் அடித்தேன். அவர் போலீசுக்குப் போகவில்லை. அத்தான் மூன்றாம் நாள் இறந்தார்.

பல வருடம் கழித்து செம்பூரில் ஒரு கல்லூரி லேபில் எனக்கு அட்டெண்டர் வேலை கிடைத்தது. அங்கே அந்த இன்ஜினீயர்தான் புரொபசர். அந்த விரல்கள் வளைந்தே இருந்தன.

“ஸ்பேனர் கொண்டு வந்திருக்கியா?” என்றார்.

நான் வெறும் கையை விரித்துக் காட்டினேன். அவரே தொடர்ந்தார்:

“அதுக்கப்புறம் ஃபாக்டரிக்குள்ள என்னால கால் வைக்க முடியல. மேல படிச்சு வாத்தியாராயிட்டேன்.”

ஒவ்வொரு வகுப்பிலும், மாணவர்கள் வயரைத் தொடும் முன் லேப் பெட்டியின் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி என் பையில் போடுவார். வேறு பேச்சு கிடையாது.

போன வருடம் பரீட்சை அவசரத்தில் ஒரு மாணவன் அலமாரியிலிருந்து வேறு கட்டைகளை எடுத்துச் சொருகப் போனான். மறுபக்கம் ஒரு பெண் வெறும் வயரைப் பிடித்திருந்தாள். புரொபசர் பாய்ந்து அவன் வாயில் குத்தினார். பல் தெறித்தது. விழுந்தவனை மிதித்தார். இடுப்பைக் கட்டி இழுத்த என்னையும் அறைந்தார்.

விசாரணையில் மாணவனின் அப்பா மேஜையைத் தட்டினார். “இந்த ஆளை இன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கணும்!”

பிரின்சிபால் என்னிடம் கேட்டார்: “அடிச்சாரா, இல்லையா?”

“அடிச்சார் சார். கட்டை ஏறியிருந்தா அந்தப் பொண்ணு செத்திருக்கும். எங்க அத்தான் அப்படித்தான் செத்தார். அன்னிக்கு நானும் அடிச்சேன். சார் விரலை ஒடிச்சது நான்தான்.”

புரொபசர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எங்கள் இரண்டு பேர் வேலையும் தப்பியது.

அடுத்த வகுப்பில் கட்டைகளை என் பையில் போட்டார். பிறகு அலமாரிச் சாவியையும் போட்டார்.