அறுபது நாள் காய்ந்த கொம்பு

நான் பிழைக்கப் போன வெளிநாட்டில், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் டேல் தன் காரை வெளியே பனியில் நிறுத்திவிட்டு, கார்க் கொட்டகைக்குள் ஒரு மான் தலையைக் கொம்போடு தொங்கவிட்டிருந்தார். டிசம்பர் தொடக்கத்தில் வில்லால் எய்தது. கொம்பு அறுபது நாள் காய்ந்த பிறகுதான் அளக்க வேண்டுமாம். ஈரத்தோடு அளந்தால் அளவு கூடிவிடும், அவருடைய வில்வேட்டை கிளப்பின் பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள். எய்தவர் யார், எந்த இடம், எந்த நாள், அளக்கும்போது சாட்சி யார் என்று எல்லாமே அதில் ஏறும். நான் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன், அளவில் கண் தப்பாது என்று சாட்சிக்கு என்னையே கூப்பிட்டார். மானுக்குக் கையெழுத்துப் போடப்போவதை அம்மாவிடம் போனில் சொல்லி, நம்மூரில் மனுஷன் செத்தால்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் என்று சிரித்தேன். என் வாயில் சனி.

அந்த அறுபது நாளுக்குள்தான் எங்கள் ஊர் மரக்காணத்தில் கடல் ஊருக்குள் வந்தது. எங்களுடையது உப்பளக் குடும்பம், யாரும் கடலுக்குப் போகிறவர்கள் இல்லை. என் தம்பி குமரவேல் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் குப்பத்துக்குப் போனான். அவ்வளவுதான். உடல் கிடைக்கவில்லை. குப்பத்து ஆள் இல்லை என்பதால் குப்பத்தார் எடுத்த காணாமல்போனவர்கள் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை.

பிப்ரவரியில் அவன் மனைவி கலா போன் செய்தாள். “மாமா, உப்புப் பாத்தி குத்தகை அவரு பேர்ல இருக்குது. இறந்துட்டாருன்னு சர்டிபிகேட் குடுத்தாத்தான் எம்பேருக்கு மாத்துவாங்களாம். வூட்டுக்கு மூத்தவரு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இந்த சீசன் போச்சின்னா, ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கினு நான் எங்க போறது?”

பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். “டேய், எழுதிடாதடா. நீ எழுதினாத்தான் அவன் செத்தவன். எழுதலன்னா வந்துடுவான்.”

அதே வாரம் கொம்பை அளந்தார்கள். கிளப்பிலிருந்து வந்த பெரியவர் ஒவ்வொரு கிளையாக டேப்பை ஓட்டி, அங்குலத்தை எட்டாகப் பிரித்து எண் சொன்னார். படிவத்தில் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பிறகு டேலிடம் தம்பி விஷயத்தைச் சொன்னேன். இன்னும் தேடுகிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. “அம்பு பட்டு ஓடிய மானையே நாங்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நாள்கணக்கில் தேடுவோமே” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், நல்ல மனுஷன். எனக்கு அவரை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. கடலில் எங்கே போய்த் தேட? தேடியும் கிடைக்காத மானை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பதிவேட்டில் ஏறாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கலா கேட்ட கடிதத்தை எழுதிவிட்டேன். ‘இறந்துவிட்டான்’ என்ற ஒரு சொல்லுக்காக மூன்று தாளைக் கிழித்தேன். கலாவுக்குக் குத்தகை மாறியது, அந்தக் கோடையில் உப்பும் வாரினாள். அம்மா அந்த வீட்டை விட்டுக் கிளியனூரில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு ஒரே ஒரு தடவைதான் போனில் பேசினாள். “மானுக்குப் போட்ட கையெழுத்தத்தான எம்புள்ளைக்கும் போட்ட?”

அடுத்த வருஷம் ஊருக்கு வந்தேன். மரக்காணத்தில் கலா வீட்டில் இறங்கினால் அப்புறம் அம்மா முகத்தில் விழிக்க முடியாது. கிளியனூருக்கு அம்மாவிடம் போனால் கலாவை நானும் கைவிட்டதாக ஆகும். கடைசியில் குயிலாப்பாளையத்தில், வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதிக்குப் போய் நின்றேன். ரிஜிஸ்டரில் ஊர் என்ற கட்டத்தில் மரக்காணம் என்று எழுதினேன். மேசையில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பஸ் ஏறினா வூட்டுக்கே போயிடலாமே, எதுக்கு சார் ரூமு?”

பேனாவைத் திரும்ப வாங்கி அதை அடித்துவிட்டு, டேலுடைய ஊரின் பெயரை எழுதினேன்.