கட்டில் கம்பிகளின் இடைவெளி

கட்டில் கம்பெனியில் அவளை எல்லோரும் டிராயிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரில் படம் வரைவது வேலை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

குழந்தைக் கட்டில்களுக்கென்று ஒரு காரியம் செய்துவைத்திருந்தாள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கம்பிகள், நடுவே இடைவெளி, இவற்றை ஒரே பிளாக்காகக் கட்டித் தனியாக வைத்தாள். எந்த மாடல் வரைந்தாலும் அதையே எடுத்து வரிசையாக வைப்பாள். அந்த பிளாக்கில் கைவைத்தால் அத்தனை மாடலும் மாறிவிடும். எந்தக் குழந்தையின் தலையும் அந்த இடைவெளியில் நுழையக் கூடாது என்பது அவள் பிடிவாதம்.

விற்பனை மேலாளருக்கு அது கண்ணை உறுத்தியது.

"மலிவு மாடல்ல மட்டும் இடைவெளியை அகட்டும்மா. கம்பி மிச்சமாகும்."

"முடியாது சார்."

"ஒரே ஒரு மாடல்தானே?"

"அதுல படுக்கிறதும் குழந்தைதானே!"

"வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும். அதுக்காக இதை வரைய மாட்டேன்."

மனுஷருக்கு மூக்குக்கு மேல் கோபம். அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, தானே உட்கார்ந்து பிளாக்கைத் திறந்து அகட்டிவிட்டார். மலிவு மாடல் மட்டும் மாறும் என்று நினைப்பு! அரைகுறையாகத் தெரிந்தவர் கை சும்மா இருக்குமா? எல்லாப் படமும் மாறி, அப்படியே பட்டறைக்குப் போய்விட்டது.

பட்டறையிலிருந்து முதலில் வந்தது முதலாளி வீட்டுக் கட்டில். அவர் மகளுக்கு மாதம் நெருங்கியிருந்தது. டிராயிங் அறையில் வைத்து முதலாளி கம்பிகளுக்கு நடுவே முஷ்டியை விட்டுப் பார்த்தார். தாராளமாகப் போயிற்று.

"யாரு பண்ணின வேலை இது?"

"நான் மாட்டேன்னதால, நான் சாப்பிடப் போனப்ப சார்தான் பிளாக்கை அகட்டியிருக்காரு," என்றாள் அக்கா. பக்கத்தில் நின்ற மேலாளர் பொத்தென்று அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்றார் முதலாளி. "நம்ம வீட்டுக் கட்டிலை மட்டும் பழையபடி ஆக்கிக் குடும்மா. மலிவு மாடல் இப்படியே இருக்கட்டும்."

அக்கா மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்: உங்கள் பிள்ளை பிள்ளை, ஊரான் பிள்ளை என்ன பொம்மையா?

"ஒண்ணை மட்டும் மாத்த வழி இருக்கு சார். அந்தப் படத்துல மட்டும் பிளாக்கைப் பிரிச்சுட்டாப் போதும், மத்த படம் மாறாது. நான் பிரிக்க மாட்டேன். மாறினா எல்லாம் மாறட்டும். இல்லேன்னா இந்தக் கட்டிலை இப்படியே வீட்டுக்குக் கொண்டு போங்க." கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தாள். "பிரிக்கிறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

முதலாளியின் முஷ்டி இன்னும் கம்பிகளுக்கு நடுவிலேயே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாத்தையும் மாத்தும்மா."

அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"எந்திரிங்க சார். அது என் நாற்காலி."